கார் வுட் லோடு பேக்கர்: டிப்பர் ஜாக்கி கம்பெனி செஞ்ச குப்பை லாரி, என்னோட ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பின்பக்கம் குப்பையைப் போட்டா ஒரு தகடால உள்ள தள்ளி அமுக்கி வச்சுக்குற லாரி, நம்ம ஊர்ல கம்பேக்டர்னு சொல்றோமே அது, இன்னைக்கு எந்த நாட்டுல எந்தக் கம்பெனி செஞ்சதா இருந்தாலும் அதோட வம்சத்தைத் தோண்டிக்கிட்டே போனா அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம் டெட்ராய்ட் பக்கம் வந்து நிக்கும். 1938ல கார் வுட்ங்கிற ஆளோட கம்பெனி, கார் வுட் இண்டஸ்ட்ரீஸ், கொண்டுவந்த லோடு பேக்கர்தான் அந்த வண்டி. குப்பையை ஹைட்ராலிக்ல, அதாவது ஆயில் அழுத்தத்துல, அமுக்குற வேலையை லாரிக்குள்ளயே வச்சு அதை ஊரெல்லாம் விக்கவும் முடியும்னு காட்டினது இதுதான். நான் ஹைட்ராலிக் சிலிண்டர் சர்வீஸ் வேலையில இருக்கேன், சீல் மாத்துறது, ராடு பாலிஷ் போடுறது, பம்ப் கழட்டி மாட்டுறதுன்னு தினமும் ஆயில்லதான் பொழப்பு, அதனால இந்த வண்டியை மியூசியம் பொருளா பாக்காம ஒரு மெஷினா பாத்து எழுதுறேன். எனக்கு ரொம்பப் புடிச்ச டிசைன், குறையும் இருக்கு, ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இதோட அருமை புரியும். இங்கிலாந்துல சிஸ்விக்ல தார்னிகிராஃப்ட் கம்பெனி 1897லயே நீராவியில ஓடுற குப்பை வண்டி செஞ்சிருக்காங்க, டிப் ஆகிற பாடியோட. ஆனா அது மேல திறந்த வண்டி. அப்புறம் பெட்ரோல் லாரி வந்துச்சு, 1920கள்ல மூடி போட்ட பாடி வந்துச்சு, நாத்தமும் தூசியும் கொஞ்சம் குறைஞ்சுது, அவ்வளவுதான். வேலை செய்யுற ஆளுக்கு எதுவும் மாறல. தகர டின் நிறைய சாம்பலும் குப்பையும், அதைத் தூக்கி தோளுக்கு மேல கொண்டுபோய் லாரிப் பக்கவாட்டு சுவருக்கு அந்தப்பக்கம் கவுக்கணும். மேல ஒருத்தர் குப்பைக்குள்ளயே நின்னு காலால மிதிச்சு மிதிச்சு இடம் பண்ணிக் கொடுக்கணும். அதாவது கம்பேக்டர்ங்கிறது அன்னைக்கும் இருந்துச்சு, அது ஒரு மனுஷனோட ரெண்டு காலு. இதை யோசிச்சா எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும், ஏன்னா நம்ம ஊர்ல டிராக்டர் டிரெய்லர் மேல நின்னு அதே வேலையைப் பாக்குறவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஐரோப்பாவுல வேற வழியில யோசிச்சாங்க. ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல கூக்கா கம்பெனி, இன்னைக்கு ஆரஞ்சு கலர் ரோபோ கைக்கு பேர் போன அதே கூக்காதான், சுத்துற டிரம் வச்ச குப்பை வண்டி செஞ்சாங்க. டிரம் சுத்த சுத்த உள்ள இருக்குற திருகு குப்பையை முன்னாடி இழுத்துட்டுப் போகும். அதுவும் நல்ல ஐடியாதான், இன்னைக்கு வரைக்கும் அந்த வகை ஓடுது. ஆனா உலகம் முழுக்க அதிகமா பரவினது பிளேடு வச்சு அமுக்குற வகைதான்.

இப்ப இந்தக் கம்பெனியோட ஓனரைப் பத்தி. கார்ஃபீல்டு ஆர்தர் வுட், சுருக்கமா கார் வுட். 1880 டிசம்பர்ல அயோவா மாநிலத்துல பொறந்தவர், அதுக்கு முந்தின மாசம்தான் எலக்ஷன்ல ஜெயிச்ச பிரசிடெண்ட் கார்ஃபீல்டு, வைஸ் பிரசிடெண்ட் ஆர்தர் ரெண்டு பேரோட பேரையும் சேர்த்து வச்சுட்டாங்க. அப்பா படகு ஓட்டுறவர். அமெரிக்காவுல வயசானவங்ககிட்ட கார் வுட்னு சொன்னா குப்பை லாரி ஞாபகம் வராது, ஸ்பீடு போட்டுதான் ஞாபகம் வரும். தண்ணி மேல மணிக்கு 100 மைல் வேகத்தை முதல்ல தாண்டினவர் இவர்தான், 1931ல. அடுத்த வருஷமே 1932ல மிஸ் அமெரிக்கா 10ங்கிற போட்டுல 124.86 மைல் போயிட்டார், நம்ம கணக்குல சுமார் 200 கிலோமீட்டர். அந்த போட்டுல நாலு பேக்கார்டு என்ஜின், ஒவ்வொண்ணும் 12 சிலிண்டர். 1925ல ஹட்சன் ஆத்துல அல்பனியிலேர்ந்து நியூயார்க் வரைக்கும் அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் ரயிலோட போட்டி போட்டு ஜெயிச்சிருக்கார். ரேஸ் கதை எழுதினா இன்னும் நாலு பக்கம் போகும், இங்க அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது 1911. அந்த வருஷம் அவர் நிலக்கரி இறக்குற வேலைக்கு ஒரு ஹைட்ராலிக் ஹாய்ஸ்ட் கண்டுபிடிச்சார். நம்ம லாரி ஷெட்ல டிப்பர் ஜாக்கின்னு சொல்றோமே அதேதான். அதுவரைக்கும் தொட்டியைத் தூக்கணும்னா கையால கிராங்க் சுத்தணும், ரொம்ப நேரம் ஆகும், இடுப்பு ஒடிஞ்சுரும். இவர் ஒரு சிலிண்டர், ஒரு பம்ப், கொஞ்சம் ஆயில், முடிஞ்சுது கதை. டெட்ராய்ட்ல வுட் ஹாய்ஸ்ட் கம்பெனின்னு ஆரம்பிச்சு, லாரி பெருக பெருக இந்த ஜாக்கியும் பெருகி, அதுல வந்த காசுலதான் அவ்வளவு போட்டும் செஞ்சார். என்னைக் கேட்டா அவர் செஞ்சதுலயே பெரிய சாதனை இந்த ஜாக்கிதான், 124 மைல் இல்ல. இன்னைக்கு ஓடுற ஒவ்வொரு டிப்பர் லாரியிலயும் அந்த ஐடியா உயிரோட இருக்கு.

1930கள்ல கம்பெனி பல தொழில் செஞ்சுச்சு. வின்ச், டாங்கர் பாடி, ரோடு போடுற மெஷின், மேரிஸ்வில்ல போட் ஃபேக்டரி, ஏரோபிளேன் டிசைனர் வில்லியம் ஸ்டௌட் டிசைன்ல ஏரோபிளேன் மாதிரி வழுவழுன்னு ஒரு பஸ், வீட்டைச் சூடு பண்ற ஆயில் ஃபர்னஸ் எல்லாம். இந்த ஃபர்னஸை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

1938 லோடு பேக்கர்ல என்ன புதுசுன்னா, 1911 ஜாக்கியில தூக்குறதுக்கு பயன்படுத்துன அதே சிலிண்டரை இவங்க அமுக்குறதுக்கு திருப்பிட்டாங்க. லாரிக்குப் பின்னாடி தாழ்வா ஒரு தொட்டி, ஹாப்பர்னு சொல்வாங்க. ஆளுங்க அதுல குப்பையைக் கொட்டுவாங்க. ரொம்பினதும் லீவரை இழுத்தா ஒரு இரும்புத் தகடு ஹாப்பரை வழிச்சு எடுத்து, குப்பையை முன்பக்கம் பெரிய பாடிக்குள்ள தள்ளி, ஏற்கனவே உள்ள இருக்குற குப்பை மேல வச்சு நசுக்கும். லாரி என்ஜின் சுத்துற சக்தியை வேற மெஷினுக்குத் திருப்பி விடுற பிடிஓங்கிற இணைப்புல பம்ப் ஓடுது, பம்ப்லேர்ந்து ஆயில் சிலிண்டருக்குப் போகுது, தனியா என்ஜின் கிடையாது. ஒரே பம்ப், அமுக்குறதுக்கும் அதே, டம்ப் பண்ண பாடியைத் தூக்குறதுக்கும் அதே. இந்தச் சிக்கனம்தான் என்னைக் கவுத்தது. புது வண்டி செய்யுறேன்னு புதுசா எல்லாத்தையும் கண்டுபிடிக்காம, தன் ஷெட்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கைபழகின சாமானையே வச்சு வேற வேலையைச் செஞ்சு காட்டுறது பெரிய கெட்டிக்காரத்தனம்.

நேர்ல பாத்ததைச் சொல்றேன். அக்கா வீடு மிச்சிகன்ல இருக்கு, அங்க போயிருந்தப்ப மாமா ஒரு பழைய லாரி கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனார். பெரிய மைதானம், பளபளன்னு பெயிண்ட் அடிச்ச மேக், ஒயிட், ஃபோர்டுன்னு வரிசையா நிக்குது, அந்தக் கடைசியில 1940கள் சேசிஸ் மேல ஒரு லோடு பேக்கர். நான் அங்கேயே நின்னுட்டேன். மாமா, "சுத்தி எவ்வளவு அழகான லாரி நிக்குது, நீ போய் குப்பை வண்டி பின்னாடி நிக்குறியேடா"ன்னாரு. "இருங்க மாமா, இந்த சிலிண்டரை ஒரு தடவை பாத்துட்டு வரேன்"ன்னேன். வண்டிக்காரர் நல்ல மனுஷன், வயசானவர், நான் ராடு எண்ட்ல கை வச்சுப் பாக்குறதைப் பாத்ததுமே தொழில்காரன்னு கண்டுபிடிச்சுட்டார் போல, ஸ்டார்ட் பண்ணி பிடிஓ போட்டுக் காட்டினார்.

முதல்ல கண்ணுல பட்டது ஹாப்பரோட விளிம்பு. பெயிண்ட் புதுசு, ஆனா விளிம்புல நடுப்பகுதி மட்டும் தகடு லேசா உள்வாங்கி ஓரமெல்லாம் மழுங்கி இருக்கு. வருஷக்கணக்கா தகர டின்னை அதே இடத்துல தட்டித் தட்டி கவுத்திருக்காங்க. நான் அது பக்கத்துல நின்னு பாத்தேன், விளிம்பு என் இடுப்புக்குக் கிட்டதான் வருது. அதாவது டின்னைத் தோளுக்குத் தூக்கவே வேண்டாம், இடுப்பு வரைக்கும் தூக்கி சாய்ச்சாப் போதும். சொல்றதுக்கு சின்ன விஷயம், ஆனா நாளெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் தூக்குற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்ல. லோடு பேக்கரை எல்லாரும் அமுக்குற வண்டின்னுதான் பேசுறாங்க, எனக்கு அதைவிட இந்த உயரம்தான் பெருசாத் தெரியுது. இதுக்கு முழு மார்க் கொடுக்குறேன், யோசிக்காம.

அப்புறம் சத்தம். லீவரை இழுத்ததும் பம்ப் லேசா முனகுது, தகடு அவசரமே இல்லாம இறங்குது, ஹாப்பர் அடியை உரசிக்கிட்டு உள்ள போகுது, போய் முட்டுற இடத்துல என்ஜின் சத்தம் ஒரு நொடி கனமாகுது, அப்புறம் அழுத்தம் மீறாம ஆயிலைத் திறந்து விடுற ரிலீஃப் வால்வ் சீறுது. அந்த வண்டியில சிலிண்டர்லேர்ந்து ராடு வெளிய வர்ற வாயில, கிளாண்ட்னு சொல்வோம், லேசா ஆயில் கசிவு இருந்துச்சு, கீழ அட்டை போட்டு வச்சிருந்தார். நான் அதைக் காட்டினதும் சிரிச்சுட்டு, இத்தனை வயசுல உனக்கும் எனக்கும் கசியாதான்னார். மூட்டுல மாட்டுற இரும்பு பின்னு, புஷ் எல்லாம் வெளியிலயே தெரியுற மாதிரி இருக்கு, கிரீஸ் நிப்பிளுக்குக் கை போகுது. இது சர்வீஸ் பண்றவனுக்கு வரம். இன்னைக்கு வர்ற சில வண்டியில ஒரு நிப்பிளுக்கு கிரீஸ் அடிக்க மூணு கவர் கழட்டணும், படுத்துக்கிட்டு கையை விடணும், அப்படியும் எட்டாது, அதனாலேயே யாரும் அடிக்காம விட்டு பின் தேஞ்சு ஆடி பிளேடு கோணலாகி மொத்தமா போயிடுது.

சரி, அமுக்குறதுல என்ன லாபம்? அதே சைஸ் பாடியில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு குப்பை பிடிக்கும்னு சொன்னாங்க. அப்ப டம்பிங் யார்டுக்குப் போற நடை பாதியா குறையும். குப்பை லாரிச் செலவுல பெரிய பங்கு ஆள் கூலியும், அவங்க லாரியோட யார்டுக்குப் போய்ட்டு வர்ற சும்மா நேரமும்தான், அதனால முனிசிபாலிட்டிக்காரங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிஞ்சுருக்கும்.

ஆனா இங்க ஒரு விஷயம் இருக்கு. 1938ல அமெரிக்க வீட்டுக் குப்பையில கனமான பங்கு நிலக்கரிச் சாம்பல். வீட்டைச் சூடு பண்ண நிலக்கரி எரிச்சாங்க, குளிர்காலம் முழுக்க டின் டின்னா சாம்பல்தான் வெளிய வரும். சாம்பலை எவ்வளவு அமுக்கினாலும் அது அமுங்காது, ஏற்கனவே கெட்டி. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சதுக்கப்புறம் வீடுகள் ஆயிலுக்கும் கேஸுக்கும் மாறிச்சு, சாம்பல் போயிடுச்சு, அந்த இடத்துல அட்டைப்பெட்டி, பேப்பர், தகர டப்பா, அப்புறம் பிளாஸ்டிக்னு காத்து நிறைஞ்ச லேசான குப்பை வந்துச்சு. அமுக்குனா அப்பளம் மாதிரி நொறுங்குற குப்பை. அப்பத்தான் பேக்கர் வண்டிக்கு அசல் வேலை கிடைச்சுது. இப்ப அந்த ஃபர்னஸை எடுங்க. அதே கார் வுட் கம்பெனி ஒரு கையில ஆயில் ஃபர்னஸ் வித்து வீட்டுலேர்ந்து சாம்பலை ஒழிச்சுது, இன்னொரு கையில சாம்பல் இல்லாத குப்பையை அமுக்குற லாரி வித்துச்சு. திட்டம் போட்டு பண்ணாங்களான்னு நான் சொல்ல வரல, ஆனா காலம் மாறுறதுக்கு ரெண்டு பக்கமும் இவங்க சரக்கு இருந்துச்சு.

குறைக்கு வரேன். முதல் குறை, காலி பண்ற விதம். ஆரம்பகால லோடு பேக்கர்ல பின் கதவைத் தூக்கிட்டு, மொத்த பாடியையும் டிப்பர் மாதிரி சாய்ச்சு கொட்டணும். ஜாக்கி கம்பெனிக்கு அதுதான் கைவந்த கலை, அதனால அப்படி யோசிச்சது இயல்பு. ஆனா அமுக்கி இறுகின குப்பை மணல் மாதிரி வழுக்கி விழாது, ஒரே கட்டியா பாடி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். டிரைவர் பாடியைத் தூக்கிட்டு முன்னாடி போய் பிரேக் அடிச்சு உதறணும். டம்பிங் யார்டு தரை வேற மெத்து மெத்துன்னு இருக்கும், அங்க பாடியை உச்சிக்குத் தூக்கினா பாரம் மேல போய் லாரியே சாய வாய்ப்பு இருக்கு. பின்னாடி வந்த வண்டிகள்ல பாடிக்குள்ள ஒரு தள்ளுத் தகடு வச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா நீளுற டெலஸ்கோப் சிலிண்டர்ல குப்பையைப் பின்பக்கமா வெளிய தள்ளுறாங்க, பாடி அசையவே அசையாது. கார் வுட்டும் அப்புறம் அந்த வழிக்கு வந்துட்டாங்க. இது கட்டாயம் வேண்டிய திருத்தம். இன்னொரு நல்லதும் இதுல இருக்கு, உள்ள இருக்குற தகடு லோடு ஏத்தும்போது எதிர்ப்பக்கமா தாங்கி நிக்கும், அதனால முதல் டின்னுலேர்ந்தே குப்பை நல்லா அமுங்கும்.

ரெண்டாவது குறை ரொம்பப் பெருசு, இதை லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. மனுஷன் கை படுற உயரத்துல ஒரு இரும்புத் தகடு டன் கணக்குல அழுத்தத்தோட ஓடுது. கை, சட்டை, குனிஞ்ச தலை எதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. அமுக்குற வண்டி என்ன செய்யும்ங்கிறதுக்கு சரித்திரத்துலயே பதிஞ்ச ஒரு சம்பவம் இருக்கு. 1968 பிப்ரவரி 1, டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ். எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு கறுப்பினத் தொழிலாளிங்க மழைக்கு ஒதுங்க வேற இடமில்லாம குப்பை லாரியோட பின்பக்கமே ஏறி நின்னாங்க. அது பீப்பாய் மாதிரி பாடி வச்ச வேற வகை பழைய வண்டி, லோடு பேக்கர் இல்ல. கம்பேக்டர் தானா ஓட ஆரம்பிச்சு ரெண்டு பேரையும் நசுக்கிடுச்சு. அதுக்கப்புறம் சுமார் 1300 தூய்மைப் பணியாளர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, 'நான் ஒரு மனுஷன்'னு எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊர்வலம் போனாங்க. அவங்களுக்கு ஆதரவா வந்த இடத்துலதான் ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டாங்க.

ஒரு டிசைனை ரிவ்யூ பண்றப்ப இதை ஒதுக்கி வச்சுட்டு மைலேஜ் பேச முடியாது. இன்னைக்கு நல்ல வண்டியில பிளேடு பாதியில தானா நிக்கும், திரும்ப பட்டனை அமுக்கினாத்தான் மீதி வேலையைச் செய்யும். தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவுல கை மாட்டி நசுங்குற அந்தக் கடைசி இடத்தைத் தாண்டுற வரைக்கும் பட்டன்லேர்ந்து கையை எடுக்க முடியாது. ரெண்டு பக்கமும் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இருக்கும், டிரைவர் கேபின்ல கேமரா இருக்கும். ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தருக்கு அடிபட்டதுக்கு அப்புறம் வந்தது. அதனால யாராவது 'வேலை சீக்கிரம் முடியும்'னு சொல்லி பிளேடைத் தானா நிறுத்துற அந்த இண்டர்லாக்கை பைபாஸ் பண்ணிக் கேட்டா நான் பண்ண மாட்டேன். கேட்டிருக்காங்க, ஆர்டரே வேண்டாம்னு அனுப்பியிருக்கேன். அந்தக் காண்ட்ராக்டர் அதுக்கப்புறம் வேற ஷெட்டுக்குப் போயிட்டார், போகட்டும்.

போட்டி வண்டிகளைப் பத்தியும் கொஞ்சம். லோடு பேக்கர் ஓட ஆரம்பிச்சதும் சும்மா விடுவாங்களா, விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷ்ல லீச் கம்பெனி பேக்மாஸ்டர்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, பல பேர் அதைத்தான் பின்னாடி லோடு பண்ற வண்டியில ராஜான்னு சொல்வாங்க. மில்வாக்கியில ஹைல் கம்பெனி, இது 1901ல ரயில் தண்டவாளம் வெல்டிங் பண்ற கம்பெனியா ஆரம்பிச்சது, அதோட ஓனர் ஜூலியஸ் ஹைல் 1939லேர்ந்து 1943 வரைக்கும் விஸ்கான்சின் கவர்னராவே இருந்தார். டென்னசியில ஜார்ஜ் டெம்ப்ஸ்டர், இவர் நாக்ஸ்வில் ஊர் மேயர், பெரிய இரும்புத் தொட்டியை லாரியே தூக்கிக் கவுக்குற முறையைக் கொண்டுவந்தவர், 1955ல முன்பக்கம் ரெண்டு கையால தொட்டியைத் தூக்கி கேபின் தலைக்கு மேல கொண்டுபோய்க் கொட்டுற டம்ப்மாஸ்டர் இவரோடதுதான். ஒரு போட் ரேஸ் சாம்பியன், ஒரு கவர்னர், ஒரு மேயர், மூணு பேரும் குப்பை வண்டி செஞ்சு தொழில் பண்ணியிருக்காங்க. நம்ம ஊர்ல ஒரு பெரிய மனுஷர் நான் குப்பை லாரி செய்யுறேன்னு பெருமையா சொல்லி நான் கேட்டதில்ல, கேக்கணும்னு ஆசை.

1969ல அரிசோனாவுல ஸ்காட்ஸ்டேல் ஊர்ல டிரைவர் கேபின்லேர்ந்து இறங்காமலே பக்கவாட்டுல கை நீட்டி தொட்டியைத் தூக்குற வண்டி வந்துச்சு. இப்ப அமெரிக்காவுல தனி வீடுங்க இருக்குற ஏரியாவுல அதுதான் எங்க பாத்தாலும். அக்கா வீட்டுத் தெருவுலயும் அந்த வண்டிதான், ஒரே ஆள், காபி குடிச்சுக்கிட்டே தெருவை முடிச்சுட்டுப் போயிடறார். ஆனா நெருக்கமான ஊர்ல, வண்டி பார்க்கிங்குக்கு நடுவுல பையை எடுத்துப் போடணும்னா பின்பக்க லோடருக்கு இன்னும் மாத்து வரல. எங்க மூலையில என்ன குப்பை கிடந்தாலும், சோஃபாவா இருந்தாலும் மெத்தையா இருந்தாலும், ஆள் தூக்கிப் போட்டா அது வாங்கிக்கும்.

சென்னையில 1100 லிட்டர் பச்சைத் தொட்டியைப் பின்னாடி மாட்டித் தூக்கிக் கவுத்து அமுக்கிட்டு கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போற கம்பேக்டர் இருக்கே, அதுல ஹாப்பரும் பிளேடும் இந்தப் பரம்பரைதான். ஆனா இந்த டிசைன் பேப்பரும் அட்டையுமா உலர்ந்த குப்பைக்கு வளர்ந்த டிசைன். நம்ம குப்பையில பாதிக்கு மேல சோறு, காய்கறித் தோல், இளநீர் மட்டை, வாழையிலை, பூ. இது ஈரமா கனமா ஏற்கனவே இறுகிக் கிடக்குற குப்பை. இதை அமுக்கினா அளவு பெருசா குறையாது, தண்ணிதான் பிழிஞ்சு வெளிய வரும். சிக்னல்ல கம்பேக்டர் பின்னாடி டூ வீலர்ல நின்னவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. அந்த நீர் அமிலம் மாதிரி, ஹாப்பர் அடித்தகட்டைத் தின்னுடும், டெயில்கேட் ரப்பர் சீலைத் தின்னுடும், சிலிண்டர் ராடு குரோமைக்கூட புள்ளி புள்ளியா அரிச்சுடும், அரிச்ச ராடு உள்ள போய் வர்றப்ப சீலைக் கிழிச்சுடும். எங்க ஷெட்டுக்கு வர்ற குப்பை வண்டி சிலிண்டர் பாதிக்கு மேல இந்தக் கோளாறுதான். அழுத்தம் அதிகமாகிச் செத்த சிலிண்டர் ரொம்பக் குறைவு.

இதுக்காக டிசைனைக் குறை சொல்ல முடியாது, வாங்குறவங்கதான் நம்ம குப்பைக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்கணும். ஈரக் குப்பையை மட்டும் ஏத்துற வண்டிக்கு அழுத்தத்தைக் குறைச்சு செட் பண்ணலாம், கழிவுநீர் டேங்கைப் பெருசா வைக்கச் சொல்லலாம், ஹாப்பர் அடிக்கு மாத்திக்கிற மாதிரி சீக்கிரம் தேயாத தகடு போடச் சொல்லலாம். வீட்டுலயே ஈரம் தனியா உலர்ந்தது தனியா பிரிச்சுக் கொடுத்தா இன்னும் நல்லது, உலர்ந்த குப்பைக்கு இந்த வண்டியை அடிச்சுக்க ஆளில்ல.

கார் வுட் கம்பெனியோட மிச்சக் கதை சுருக்கம்தான். யுத்த காலத்துல மிலிட்டரிக்கு வின்ச்சும் பாடியும் செஞ்சாங்க, 1947ல போட் செய்யுறதை நிறுத்திட்டாங்க, ஓனர் கார் வுட்டும் அதுக்குள்ள கம்பெனியிலேர்ந்து ஒதுங்கி மயாமி பக்கம் ஃபிஷர் ஐலண்டுன்னு ஒரு தீவையே வாங்கி அங்க போய்ச் சேர்ந்துட்டார், 1971ல காலமானார். லோடு பேக்கர் எல்பி 600, எல்பி 700ன்னு மாடல் மாடலா வந்துச்சு, அப்புறம் கம்பெனி சார்ஜென்ட்ங்கிற இன்னொரு கம்பெனி கைக்கு மாறி சார்ஜென்ட் கார்வுட்னு பேர்ப்பலகையோட கொஞ்ச காலம் ஓடுச்சு. இப்ப அந்தப் பேர்ல புது குப்பை லாரி வர்றதில்ல. லீச்சும் ஹைலும் கை மாறி மாறி பேரையாவது காப்பாத்திக்கிட்டாங்க, முதல்ல ஜெயிச்ச கம்பெனி பேர் போயிடுச்சு, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மார்க் போடணும்னா, லோடிங் உயரத்துக்கு பத்துக்கு பத்து. சர்வீஸ் பண்ற வசதிக்கு ஒன்பது. அமுக்குற வேலைக்கு, உலர்ந்த குப்பைன்னா ஒன்பது, நம்ம ஊர் ஈரக் குப்பைன்னா அஞ்சுக்கு மேல கொடுக்க மனசு வரல. ஆரம்ப மாடல்ல காலி பண்ற விதத்துக்கு நாலு. பாதுகாப்புக்கு 1938 வண்டிக்கு மார்க்கே கிடையாது. பழைய லாரி கண்காட்சியில இதைப் பாத்தீங்கன்னா முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடாதீங்க, பின்பக்கம் போய் வண்டிக்காரர்கிட்ட கேட்டு ஒரு தடவை பிளேடை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, கையை மட்டும் பின்னாடி கட்டிக்கோங்க. கார்ப்பரேஷன், பஞ்சாயத்துப் பக்கம் வண்டி வாங்குற வேலையில இருக்கிறவங்க யாராவது படிச்சா, கொட்டேஷன்ல எத்தனை கன மீட்டர்ங்கிற வரிக்கு மேல ஹாப்பர் விளிம்பு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு ஒரு வரி சேர்த்துக் கேளுங்க, கூடவே தினமும் தூக்கிப் போடுற ஆள் ஒருத்தரை அந்த வண்டி பின்னாடி நிக்க வச்சுப் பாருங்க.